யாருக்காகப் பால்? தாமிரபரணிக் கரையிலிருந்து ஒரு பொதுக்கணக்கு

ஆவின் சங்கங்களுக்குப் பால் ஊற்றுகிறவர்களுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை 2023 டிசம்பர் 18ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அன்று தாமிரபரணி கரைகொள்ளாமல் ஓடிக்கொண்டிருந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியிருந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் ஆற்றோரத் தொழுவங்களில் மாடுகள் மடிந்தன. கூடுதல் 3 ரூபாய் கிடைக்கத் தொடங்கிய நாளிலேயே, கறக்க மாடில்லாமல் நின்ற குடும்பங்கள் இந்தப் பள்ளத்தாக்கில் இருந்தன. இறந்த பசுவுக்கு 37,500 ரூபாய் நிவாரணம் என்று அரசு நிர்ணயித்தது.

இதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன் இன்னொரு 3 ரூபாய் இருந்தது. 2021 மே 16 முதல் ஆவின் பாலின் விற்பனை விலையை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது புதிதாகப் பொறுப்பேற்ற அரசு. அது பாக்கெட் வாங்குகிறவருக்கான சலுகை. ஊக்கத்தொகை மாடு வளர்ப்பவருக்கானது. குடிப்பவர், கறப்பவர் என்ற இரு முனைகளிலும் பொதுப்பணம் இப்படிப் பாய்கிறது. நடுவில் இலவசக் கறவை மாடு, மானியக் காப்பீடு, கால்நடை மருந்தகம், சினை ஊசி, குளிர்விப்பு நிலையம், விளம்பரம் என்று பல கிளைகள்.

பால் குடிப்பது நல்லதா என்ற விவாதம் உலகெங்கும் சூடாக நடக்கிறது. ஒரு தரப்பு பாலை நிறைவான உணவு என்கிறது. மறு தரப்பு, கன்றுக்கு உரியதை மனிதன் குடிப்பது உடலுக்கும் ஒவ்வாது, அறத்துக்கும் ஒவ்வாது என்கிறது. இரு தரப்பும் பொதுவாகக் கேட்கத் தவறும் கேள்வி ஒன்று உண்டு: அரசு பாலுக்குச் செலவிடும் பணம் எதற்காக? பிள்ளைகளின் உடல்நலத்துக்கா, மாடு வைத்திருக்கும் வீட்டின் வருமானத்துக்கா? இரண்டும் நியாயமான நோக்கங்கள். ஆனால் ஒன்றின் பெயரைச் சொல்லி மற்றொன்றுக்குச் செலவிடும்போது இரண்டுமே நட்டப்படுகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குன்னூரில் தொடங்கிய நம்பிக்கை

பால் இல்லாத சாப்பாடு குறைபாடுள்ளது என்ற எண்ணத்துக்கு அறிவியல் முத்திரை கிடைத்த இடங்களில் ஒன்று தமிழ் மண்ணிலேயே இருக்கிறது. 1920களில் குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வாளர் ராபர்ட் மெக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் வெவ்வேறு வட்டாரச் சாப்பாடுகளைக் கொடுத்து வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவில் வளர்ந்த எலிகள் நன்றாகத் தேறின. அரிசியை முதன்மையாகக் கொண்ட சென்னை மாகாண உணவில் வளர்ந்தவை மிகவும் பின்தங்கின. 1935இல் அந்த ஆய்வகத்தின் பொறுப்புக்கு வந்த டபிள்யூ.ஆர். அய்க்ராய்ட், உடன் ஆய்வாளர் கிருஷ்ணனோடு சேர்ந்து விடுதிப் பிள்ளைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பால் பொடியைக் கொடுத்துப் பார்த்தார். பிள்ளைகளின் எடையும் உயரமும் கூடியதாக 1937இல் எழுதினார்கள்.

அந்த முடிவுகள் பொய்யல்ல. ஆனால் அவை எதை நிரூபித்தன? தீட்டிய அரிசியும் கொஞ்சம் குழம்பும் மட்டுமே கிடைக்கிற பிள்ளைக்கு நல்ல புரதமும் நுண்சத்தும் சேர்த்தால் அது வளரும் என்பதைத்தான். அந்தக் கூடுதல் பாலாகத்தான் இருக்க வேண்டும் என்பது அதற்குள் அடங்கவில்லை. பிரிட்டனிலும் ஏறத்தாழ அதே காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துச் சோதித்தார்கள். ஊட்டச்சத்து ஆய்வும் விற்காத பாலைச் செலவழிக்கும் தேவையும் அங்கே கைகோத்தே வளர்ந்தன. 1946இல் பிரிட்டனில் எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவசப் பால் வந்தது.

இங்கே கதை வேறு திசையில் போனது. சேரன்மகாதேவிப் பக்கம் ஆடு மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுவனிடம் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று காமராஜர் கேட்டதாகவும், போனால் சோறு யார் போடுவார்கள் என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் நெல்லையில் இன்றும் சொல்வார்கள். 1956இல் மதிய உணவுத் திட்டம் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து எட்டயபுரத்தில் தொடங்கியது. அது சோற்றுத் திட்டம். 1961இலிருந்து கேர் (CARE) உதவி நிறுவனத்தின் வழியாக அமெரிக்க உபரிப் பால் பொடி பள்ளிகளுக்கு வந்தது. தண்ணீரில் கரைத்த அந்தப் பாலைக் குடித்து வளர்ந்த தலைமுறை இப்போதும் இங்கே இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளின் பள்ளிக்குள் அரசுத் திட்டத்தின் வழியாக நுழைந்த பால், உள்ளூர்த் தொழுவத்திலிருந்து வந்ததல்ல. கடல் கடந்து வந்தது.

ஏர் மாடு கறவை மாடானது

1970இல் தொடங்கிய ‘ஆபரேஷன் ஃப்ளட்’ என்ற வெண்மைப் புரட்சித் திட்டமும் உபரிப் பொடியில் எழுந்ததுதான். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் அளித்த 1,26,000 டன் கொழுப்பு நீக்கிய பால் பொடியையும் 42,000 டன் வெண்ணெய் எண்ணெயையும் நகரங்களில் பாலாக்கி விற்று, அந்தப் பணத்தில் கூட்டுறவுச் சங்கங்களைக் கட்டியது வர்கீஸ் குரியன் தலைமையிலான தேசியப் பால்வள வாரியம். முதல் கட்டத்தில் குறிவைக்கப்பட்ட நான்கு பெருநகரங்களில் சென்னையும் ஒன்று. தமிழ்நாட்டில் 1958இல் பால்வளத் துறை, 1972இல் பால்வளக் கழகம், 1981இல் ஆவின் என்று அறியப்படும் இன்றைய கூட்டுறவு இணையம் என்று அமைப்பு விரிந்தது.

எதிர்ப்பும் அப்போதே வந்தது. 1983 அக்டோபரில் ‘இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி’ இதழில் கிளாட் ஆல்வாரிஸ் இந்தத் திட்டத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். கிராமத்துப் பிள்ளை குடித்திருக்க வேண்டிய பால் நகரத்து நடுத்தர வர்க்கத்துக் காபிக்குப் போகிறது என்பது அன்றைய விமர்சகர்களின் மையக் குற்றச்சாட்டு. எல்.கே. ஜா தலைமையிலான குழு திட்டத்தை மதிப்பிட்டது. சாந்தி ஜார்ஜ் 1985இல் தனி நூலே எழுதினார். ஆதரவாளர்கள் உற்பத்தி எண்களைக் காட்டினார்கள். 1950–51இல் 1.7 கோடி டன்னாக இருந்த நாட்டின் பால் உற்பத்தி 2023–24இல் 23.9 கோடி டன்னைத் தாண்டியது. எண் பெரியதுதான், ஆனால் அது உற்பத்தியின் எண். யார் குடித்தார்கள் என்பதை அது சொல்லாது.

தாமிரபரணிக் கரையில் இந்த மாற்றத்தைத் தொழுவத்தில் பார்க்கலாம். தமிழ்நாட்டின் பெயர்பெற்ற நாட்டினங்களான காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர், புலிக்குளம் எல்லாமே உழவுக்கும் வண்டிக்கும் வளர்க்கப்பட்டவை. அவற்றின் பால் கன்றுக்குப் போக மிஞ்சியதுதான். பாலும் தயிரும் எருமையிடமிருந்து வந்தன. டிராக்டர் வந்ததும் ஏர் மாட்டின் வேலை போயிற்று. அரசின் இனப்பெருக்கக் கொள்கை சமவெளிக்கு ஜெர்சிக் கலப்பை வகுத்தது. சினை ஊசி ஊருக்கு ஊர் வந்தது. எருமை பின்வாங்கியது. 2012இல் தமிழ்நாட்டில் 7.8 லட்சமாக இருந்த எருமைகள் 2019 கணக்கெடுப்பில் 5.19 லட்சம்தான். மாடுகளோ 88 லட்சத்திலிருந்து 95 லட்சமாகக் கூடின.

வயிறு சொல்வது

உடல்நல வாதத்துக்கு வருவோம். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி, உலகின் பெரும்பாலான மனிதர்களுக்குச் சிறுவயதைத் தாண்டியதும் குறைந்துவிடுகிறது. 1981இல் வெளிவந்த ஓர் ஆய்வு டெல்லி, திருவனந்தபுரம், புதுச்சேரி ஆகிய இடங்களில் இதைச் சோதித்தது. டெல்லியில் 27.4 சதவீதத்தினருக்குச் செரிமானக் குறை தெரிந்தது. தெற்கின் இரு மையங்களிலும் சேர்த்து 66.6 சதவீதத்தினருக்கு. திருவனந்தபுரம் பொதிகை மலைக்கு அந்தப் பக்கம்தான். 2012இல் வந்த மரபணு ஆய்வு, பாலைச் செரிக்க உதவும் மரபுக்கூறு இந்தியாவின் வடமேற்கிலிருந்து தென்கிழக்கு நோக்கிப் படிப்படியாகக் குறைவதைக் காட்டியது.

இதை வைத்துத் தமிழர்களுக்குப் பால் விஷம் என்று எழுதுகிறவர்கள் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். சோதனைக்கூடத்தில் வெறும் வயிற்றில் கொடுக்கும் லாக்டோஸ் கரைசலும் சாப்பாட்டோடு சேரும் பாலும் ஒன்றல்ல. ஒரு சிறு குவளைப் பாலைப் பெரும்பாலானோர் தொந்தரவின்றிக் குடிக்க முடிகிறது. தென்தமிழ்நாட்டின் சமையல் இந்தச் சிக்கலை ஆய்வு வருமுன்பே கையாண்டிருக்கிறது: உறை ஊற்றிய தயிரில் லாக்டோஸ் குறைகிறது, கடைந்து நீர் ஊற்றிய மோரில் இன்னும் நீர்த்துப்போகிறது, நெய்யில் ஏறத்தாழ இல்லை. கல்யாண வீட்டு மறுநாள் சொதிக்குத் தேங்காய்ப் பால்தான். ஒரு டம்ளர் நிறையப் பச்சைப் பசும்பாலைக் காய்ச்சித் தினமும் குடிப்பது, நோயாளிக்கும் கைப்பிள்ளைக்கும் அப்பால், இந்த வட்டாரத்தின் பழைய வழக்கமல்ல. விளம்பரமும் சுகாதாரப் பாடமும் சேர்ந்து பரப்பிய வழக்கம்.

‘ஏ2’ பால் பற்றிய ஆரவாரத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். நாட்டு மாட்டுப் பாலிலுள்ள பீட்டா கேசின் என்ற புரதம் பெரும்பாலும் ஏ2 வகை என்பது உண்மை. ஏ1 வகையால் நோய் வருகிறது என்பதற்குக் காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் சொன்னது. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்ட் 21 அன்று பாக்கெட்டிலிருந்து இந்த வாசகங்களை நீக்கச் சொல்லிவிட்டு, 26ஆம் தேதி அந்த ஆணையைத் திரும்பப் பெற்றது. இரட்டிப்பு விலைக்கு விற்கும் வாசகத்தின் பின்னால் அறிவியலைவிட வணிகமே வலுவாக நிற்கிறது.

எலும்பும் இரத்தமும்

பாலின் பெரிய ஆதரவு வாதம் கால்சியம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பெரியவர்களுக்கான நாளளவை 600 மில்லிகிராமிலிருந்து 1,000 ஆக உயர்த்தியது. பசும்பால் 100 மில்லியில் சுமார் 120 மில்லிகிராம் இருக்கிறது. கேழ்வரகு 100 கிராமில் 340க்கு மேல். ஆனால் அதிலுள்ள ஆக்சலேட்டும் பைடேட்டும் உடல் எடுத்துக்கொள்ளும் பங்கைக் குறைக்கின்றன. எனவே எண்ணை மட்டும் ஒப்பிட்டுக் கேழ்வரகு பாலை வென்றது என்பது அவசரம். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு பி12 வைட்டமினும் பாலிலிருந்துதான் முதன்மையாகக் கிடைக்கிறது. அது உண்மையான பலம்.

நீண்ட கால ஆய்வுகள் ஒரே திசையில் பேசவில்லை. 2014இல் வந்த ஸ்வீடன் ஆய்வில் நாளுக்கு மூன்று குவளையோ அதற்கு மேலோ பால் குடித்த பெண்களிடம் எலும்பு முறிவு குறையவில்லை, கூடுதலாகவே இருந்தது. இந்தியா உட்பட 21 நாடுகளில் 1,36,384 பேரைத் தொடர்ந்து கவனித்து 2018இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு, பால்பொருள் உண்பவர்களிடம் இதயநோயும் இறப்பும் குறைவு என்றது. இரண்டும் தொடர்பைக் காட்டும் ஆய்வுகள். காரணத்தை நிரூபிப்பவை அல்ல. அளவாகக் குடித்தால் கேடில்லை, குடிக்காவிட்டாலும் வேறு நல்ல சாப்பாடு இருந்தால் குறைவில்லை என்ற இடத்தில்தான் சான்றுகள் நிற்கின்றன.

தமிழ்நாட்டுக்குத் தேவையான கேள்வி இதைவிடக் கூர்மையானது. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே 53.4 சதவீதப் பெண்களுக்கு இரத்தசோகை. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. கைப்பிள்ளைகளுக்குப் பசும்பாலை அதிகமாகக் கொடுத்தால் இரும்புக் குறை கூடுகிறது. நெல்லையில் பால் பெரும்பாலும் டீயாகவும் காபியாகவும்தான் உள்ளே போகிறது. டீ சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் இரும்பையும் தடுக்கிறது, சர்க்கரையைக் கூட்டுகிறது. பருவமெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களி கிண்டும் ஊர் இது. உளுந்து, முருங்கைக்கீரை, மீன், முட்டை என்ற வரிசையில்தான் இரத்தசோகைக்கான விடை இருக்கிறது. பாலை முதலிடத்தில் வைக்கும் பிரசாரம் அந்த வரிசையைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது.

தேசிய உணவூட்ட நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி ஒருவருக்கு நாளொன்றுக்கு 300 மில்லி பால் அல்லது தயிர் என்கிறது. 2023–24இல் நாட்டின் தலா பால் இருப்போ 471 கிராம். சராசரி பரிந்துரையைத் தாண்டிவிட்டது. இனி இன்னும் குடியுங்கள் என்று எல்லோரையும் பார்த்துச் சொல்வதில் ஊட்டச்சத்து நியாயம் மெலிந்துவிட்டது. மீதமிருப்பது பங்கீட்டுப் பிரச்சினை. அதற்கு விளம்பரம் மருந்தல்ல.

முட்டையும் பாலும்

இந்த விவாதத்தில் இரண்டு அண்டை மாநிலங்கள் வெவ்வேறு பாதை எடுத்தன. தமிழ்நாடு 1989இல் சத்துணவில் இரு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கியது. 2010இல் வாரத்துக்கு ஐந்து என்றானது. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம். கர்நாடகம் 2013 ஆகஸ்டு 1 முதல் ‘க்ஷீர பாக்ய’ திட்டத்தில் பால் பொடியைக் கரைத்துப் பள்ளிகளில் கொடுத்தது. அம்மாநிலத்தின் ‘நந்தினி’ பால் கூட்டுறவிடம் பால் மிஞ்சிய காலம் அது. திட்டம் பிள்ளைகளுக்கும் உதவியது, கூட்டுறவின் உபரிக்கும் வழி செய்தது. அங்கே முட்டை கொடுக்க முனைந்தபோது 2021இல் மடங்களிலிருந்து எதிர்ப்பு வந்தது. பாலுக்கு அப்படி எதிர்ப்பு எழவில்லை. உணவு அரசியலில் பால் எப்போதும் சாதிக்கும் மதத்துக்கும் வசதியான சத்து.

தமிழ்நாடு ஒரு முட்டையில் புரதம், பி12, ஓரளவு இரும்பு மூன்றையும் பிள்ளைக்குத் தந்தது. நாமக்கல் பண்ணைகளும் இதனால் வளர்ந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. முட்டைக்கும் ஒரு தொழில் பின்னணி உண்டு. ஆனால் இந்த மாநிலம் பிள்ளையின் தட்டையும் ஆவினின் கணக்கையும் தனித்தனியே வைத்திருந்தது. அந்தப் பிரிவினைதான் நான் வலியுறுத்துவது.

கறப்பவர் கணக்கு

2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலை 32இலிருந்து 35 ரூபாயானது. ஊக்கத்தொகையோடு 38. கொழுப்பு குறைத்து நீல பாக்கெட்டில் அடைத்த பால் அப்போது லிட்டர் 40 ரூபாய். இந்த 2 ரூபாய் இடைவெளியில் குளிர்விப்பு, டேங்கர், பாக்கெட், சம்பளம் எல்லாம் அடங்காது. நெய்யிலும் வெண்ணெயிலும் ஆரஞ்சு பாக்கெட்டிலும் வரும் வருமானமும், அரசின் பணமும்தான் அதைத் தாங்குகின்றன. மாட்டுக்காரருக்கு 38 ரூபாயும் போதவில்லை. தனியார் இரண்டு ரூபாய் கூடத் தந்தால் அங்கே ஊற்றுகிறார். 2023 மே 25 அன்று, குஜராத் கூட்டுறவான அமுல் தமிழ்நாட்டில் கொள்முதல் செய்வதைத் தடுக்கக் கோரி அன்றைய முதலமைச்சர் ஒன்றிய அமைச்சருக்குக் கடிதம் எழுதியது இந்தப் போட்டியின் வெளிப்பாடு.

செலவின் பெரும்பங்கு தீவனம். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளும் பாசனம் தரும் சுமார் 86,000 ஏக்கரில் கார், பிசானம் என இரு போகம் விளைந்தால் வைக்கோலுக்குக் குறைவில்லை. ஆனால் கார் பல ஆண்டுகளில் தவறுகிறது, வயல் வாழையாகிறது, அறுவடை இயந்திரம் நசுக்கிப் போட்ட வைக்கோல் மழையில் நனைந்தால் படப்பு போட உதவாது. மிச்சத்தைப் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் நிரப்புகின்றன. அவற்றில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு பாலில் இறங்கும். 2018இல் நடந்த தேசியப் பால் தர ஆய்வில் தமிழ்நாட்டின் 551 மாதிரிகளில் 88இல் அந்த நஞ்சு வரம்பை மீறியிருந்தது. நாடு முழுவதும் எடுத்த 6,432 மாதிரிகளில் மோசமான கலப்படம் இருந்தவை 12 மட்டுமே. மக்கள் அஞ்சுவது யூரியாவையும் சோப்பையும். உண்மையான ஆபத்து தீவன மூட்டையில் இருந்தது.

பாலை மறுப்பவர்களின் அற வாதத்துக்கு இங்கே ஒரு நேரான பதில் தேவை. மாடு கறக்க வேண்டுமானால் கன்று ஈன வேண்டும்; பிறப்பதில் பாதி காளைக்கன்று. ஜெர்சிக் கலப்புக் காளைக்கு உழவும் இல்லை, வண்டியும் இல்லை. கறவை வற்றிய பசுவும் காளைக்கன்றும் மேலப்பாளையம் போன்ற சந்தைகளில் கைமாறி, பலவும் எல்லையிலுள்ள புளியரை வழியாகக் கேரளத்து இறைச்சிச் சந்தைக்குப் போகின்றன. பசுவதையைத் தடுக்கும் ஆணை 1976இலிருந்து இருந்தாலும் பால் தொழிலின் கணக்கு அந்த விற்பனையையும் சேர்த்துத்தான் நிமிர்கிறது. பாலைத் தூய சைவமாகக் காட்டும் விளம்பரம் மறைப்பது இதைத்தான். சுற்றுச்சூழல் வாதமும் பொருட்படுத்தத் தக்கது. இந்திய வேளாண் துறையின் பசுங்குடில் வாயுக்களில் பாதிக்கு மேல் கால்நடைகளின் செரிமானத்தில் எழுகிறது.

ஆனாலும் இவ்வாதங்களின் முடிவாகப் பால் ஆதரவை நிறுத்து என்பது இந்தப் பள்ளத்தாக்கில் பொருந்தாது. மழை பொய்த்தாலும் பத்து நாளைக்கு ஒருமுறை கைக்குக் காசு வரும் வேறு தொழில் சிறுவிவசாயிக்கும் நிலமற்றவருக்கும் இல்லை. தொழுவத்து வேலை பெரும்பாலும் பெண்களுடையது. 2011இல் தொடங்கிய விலையில்லாக் கறவை மாட்டுத் திட்டம், ஐந்தாண்டில் 60,000 மாடு என்ற இலக்கோடு ஏழைப் பெண்களைக் குறிவைத்ததும் இதனால்தான்.

எனவே கணக்கை மூன்றாகப் பிரிக்க வேண்டும். முதலாவது வாழ்வாதாரக் கணக்கு: ஊக்கத்தொகையைத் தீவன விலையோடு இணைத்து, இடையறாமல் தர வேண்டும். வெள்ளத்துக்கும் நோய்க்கும் காப்பீடு மாடு இறந்தபின் அறிவிக்கும் நிவாரணமாக இல்லாமல் முன்கூட்டியே இருக்க வேண்டும். தீவன நஞ்சைச் சோதிக்கும் வசதி வட்டாரந்தோறும் வேண்டும். 2012இலிருந்து திருநெல்வேலி ராமையன்பட்டியில் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி அதற்கு உதவ அருகிலேயே இருக்கிறது. இரண்டாவது ஊட்டச்சத்துக் கணக்கு: பள்ளித் தட்டில் எது வரவேண்டும் என்பதை இரத்தசோகையும் வளர்ச்சிக் குறையும் தீர்மானிக்கட்டும், எந்தக் கிடங்கில் எது தேங்கியிருக்கிறது என்பது தீர்மானிக்கக் கூடாது. மூன்றாவது விலைச் சலுகைக் கணக்கு: வசதியுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே 3 ரூபாயைக் குறைப்பதைவிட, அந்தப் பணத்தில் கர்ப்பிணிக்கும் அங்கன்வாடிப் பிள்ளைக்கும் கூடுதல் முட்டையோ, முட்டை வேண்டாதவருக்குப் பாலோ கொடுப்பது நியாயம்.

அப்படிப் பிரித்து எழுதினால் பால் குடிப்பது அவரவர் வயிற்றின், நம்பிக்கையின், நாவின் விஷயமாகிவிடும். அரசு யாரையும் குடிக்கச் சொல்லி ஊக்குவிக்க வேண்டியதில்லை, தடுக்கவும் வேண்டியதில்லை. மாடு வளர்ப்பவரைக் காப்பாற்றுவதற்கு, பாலைச் சர்வரோக நிவாரணியாக விற்கத் தேவையில்லை. அது அவருடைய பிழைப்பு என்ற ஒரு காரணமே சட்டமன்றத்தில் வாதாடப் போதுமானது.